சில்லுப் பூட்டின வீடு

கெம்பர் வேன் ஒண்டு வாடகைக்குப் பிடிச்சு மலையும் காடும் கடலும் பாக்கப் போறியாம் மனே. கேள்விப்பட்டன். போயித்து வா. ஆர் மறிச்ச? வயசில போகாம முழங்கால் நொந்த பிறகா போகப்போறாய்? போறதில எனக்கு ஒரு குறையுமில்ல. போறத்துக்கு முதல் நடக்கிற இந்த ஆர்ப்பாட்டத்தைப் பாத்தாத்தான் சிரிப்பை அடக்க ஏலாமக் கிடக்கு.

உன்ட திட்டத்தைக் கொண்டந்து காட்டினாய். கண்ணாடியப் போட்டுக்கொண்டு பாத்தன். கட்டம் கட்டமா, பச்சையும் மஞ்சளும் சிவப்புமா, கண்ணுக்கு நல்ல வடிவாத்தான் இருந்திச்சு. காலம்பற 5.45 சூரிய உதயம். 6.10 தேத்தண்ணி. 6.25 படம் எடுக்கிற. 6.40 மன அமைதி. 7.00 வெளிக்கிடுற. மன அமைதிக்கு இருபது நிமிசம் ஒதுக்கியிருக்காய். அது அந்த இருபது நிமிசத்துக்குள்ள வராட்டி என்ன செய்யிற? ஏழு மணிக்கு வேனை எடுத்தித்துப் போயிருவியா, இல்லாட்டி அதையும் ஏத்திக்கொண்டுதான் போவியா? அண்டைக்கு மப்பும் மந்தாரமுமாக் கிடந்து சூரியன் பிந்தினா, அதுக்கு எந்தக் கட்டம்?

மத்தத் தாளில சாமான் பட்டியல். மடக்கிற கதிரை, மடக்கிற மேசை, மடக்கிற வாளி, மடக்கிற பேசன். மடக்க ஏலாதது உன்ட ஆசை ஒண்டுதான். பிறகு சூரிய வெளிச்சத்தில கரண்டு எடுக்கிற பலகை, குட்டிப் பிரிட்ஜு, பின்னேரத்தில கட்டித் தொங்கவிட மின்மினி பல்ப்பு மாலை. அதுக்குக் கீழ கோப்பிக்கொட்டை அரைக்கிற மெசின். தேயிலை விளையிற மலைக்குப் போறாய், கோப்பி மெசினைத் தூக்கிக்கொண்டு. சரி, அது உன்ட நாக்கு. கடைசியா ஒண்டு கண்டன். கக்கூசு. அதுவும் வேனுக்குள்ள, படுக்கிற தலைமாட்டில இருந்து மூணு முழம் தள்ளி. நம்மட அப்பாமார் அதை வளவுக்குள்ள கட்டவே நாலு நாள் யோசிச்ச ஆக்கள் மனே.

வீட்டுக்குள்ள இருந்து அலுத்துப்போச்சு, கொஞ்ச நாளைக்கு வீட்டை மறந்து இருக்கவேணும் எண்டாய். அதுக்குக் குசினி, கட்டில், பிரிட்ஜு, கக்கூசு எல்லாத்தையும் சில்லில பூட்டிக்கொண்டு போறாய். அப்ப வீட்டில நீ விட்டுட்டுப் போறது என்ன? கூரையும் நானும்தானே?

இந்த ஆசை எங்க முளைச்சதெண்டும் எனக்குத் தெரியும். கனடாவில இருக்கிற உன்ட மச்சான் வீடியோ அனுப்பினான். பான்ஃப், ஜாஸ்பர் எண்டு ரெண்டு மலைக்காடு. ரெண்டுக்கும் நடுவால ஏறக்குறைய 230 கிலோமீற்றர் றோட்டு, ரெண்டு பக்கமும் பனி மலை. பஸ் அளவு வாகனத்தை அவன் ஒரு கையால ஓட்டுறான். பாத்தன், நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்டைக் கவனிச்சியா? பான்ஃப் 1885 இலேயே அரசாங்கம் ஒதுக்கி வெச்ச இடம். நூறு வருசத்துக்கு மேலா வாற சனத்துக்கெண்டு செஞ்சு வெச்சிருக்காங்க. வாகனம் விட நம்பர் போட்ட இடம், தண்ணி பிடிக்கக் குழாய், கரண்டு கொழுவ ஒரு தூண், கழிவைக் கொட்ட ஒரு குழி. அதுக்கும் மாசக்கணக்கில முன்னுக்கே பதிஞ்சு வெக்கவேணுமாம். அவன்ட வாகனம் அந்த ஊருக்கெண்டு செஞ்ச வாகனம். இஞ்ச உனக்கு வாடகைக்குக் கிடைக்கிறது வேனையோ குட்டி லொறியையோ வெட்டி ஒட்டிக் கட்டில் போட்டது. கனடாக்காரன்ட சட்டையை வாங்கிப் போடலாம். அவன்ட குளிரை வாங்க ஏலுமா?

புதுசா ஒண்டைக் கண்டுபிடிச்ச மாதிரிக் கதைக்கிறதுதான் எனக்குப் பெரிய பகிடி. மனே, இந்தப் படுவான்கரையில சில்லுப் பூட்டின வீடு எப்பயோ இருந்த. அதுக்குக் கூடார வண்டில் எண்டு பேர். மேல கிடுகு வளைச்சுக் கட்டி, கீழ வைக்கல் பரப்பி, அதுக்கு மேல பன்பாய். பின்னுக்கு அரிசி மூட்டை, தேங்காய், செத்தல் மிளகாய், கருவாடு. அச்சுக்குக் கீழ அரிக்கன் லாம்பு ஒண்டு ஆடி ஆடி வரும். மண்டூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்கும் நம்மட கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேரோட்டத்துக்கும் சனம் குடும்பத்தோட அதிலதான் வந்து இறங்கிற. ஆத்துக்கு அங்கால எழுவான்கரைச் சனம் தோணியில வரும். மரத்தடியில வண்டிலை அவிழ்த்து முட்டுக் குடுத்து நிறுத்திப்போட்டு, மாட்டைச் சில்லோட கட்டிப்போட்டு, மூணு கல்லை வெச்சுப் பொம்புளையள் உலை ஏத்திருவாங்க. சில்லுக்கு நடுவால தொட்டில் கட்டிப் புள்ளையப் போடுற. திருவிழா முடியுமட்டும் அதுதான் வீடு. ஒருத்தரும் அதைப் படம் பிடிச்சு ஊருக்குக் காட்டல்ல. காட்டுறத்துக்கு என்ன இருக்கு? எல்லாரும் அங்கதானே கிடந்த.

அந்த வண்டிலுக்கும் உன்ட வேனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு மனே. வண்டில் நிண்ட இடத்தில கதை தொடங்கும். எந்த ஊரு, ஆர்ட மகன், என்ன குடி, என்ன கறி எண்டு பக்கத்து வண்டில்காரன் கேப்பான். ராவைக்குள்ள அவன்ட மீன் உன்ட சட்டிக்குள்ளயும் உன்ட தயிர் அவன்ட கோப்பைக்குள்ளயும் போயிரும். சில பேர் கலியாணமே அங்க பேசி முடிச்சவங்க. உன்ட வேன் நிண்ட உடனே நீ என்ன செய்வாய்? கண்ணாடியை ஏத்தி, திரையை இழுத்து, உள்ளுக்க இருந்து போனைப் பாப்பாய். அதை வீட்டு மூலையில இருந்தே செய்யலாமே. டீசலும் மிச்சம்.

வாகனத்துக்குள்ள படுக்கிறதிலயும் நம்மட சனத்துக்கு ஒரு பயிற்சியும் குறைவில்ல. 2007 பங்குனியில ஷெல்லடிக்குள்ள படுவான்கரையே கிளம்பி ஓடினது. அப்ப ட்ராக்டர் பெட்டிக்குள்ள வீட்டை ஏத்திக்கொண்டுதான் போன. சட்டி பானை, கோழி, கட்டில் கால், கிழவி, எல்லாம் ஒரு பெட்டிக்குள்ள. அதுக்கு ஒருத்தரும் கட்டம் போட்டுத் திட்டம் எழுதல்ல. 2022 இல பெற்றோல் வரிசையில கிடந்ததை நீயும் கண்டாய். ஓட்டோக்குள்ள காலை மடக்கி, ஒரு லீற்றர் ரெண்டு லீற்றருக்காக விடிய விடியப் படுத்தம். நட்சத்திரமெல்லாம் நல்லாத்தான் தெரிஞ்ச. மெல்லிசாக் குளிர் காத்தும் வீசின. அண்டைக்கு ஆராவது இதுதான் கெம்பிங் எண்டு சொல்லியிருந்தா, நானே எழும்பி ரெண்டு குடுத்திருப்பன்.

சரி, பகிடியை விடுவம். போறதெண்டு முடிவெடுத்தித்தாய். எப்பிடிப் போறதெண்டாவது இந்தக் கிழவன்ட வாயால கேளு.

உன்ட தாளில கொழும்புக்குப் போய், அங்க இருந்து கண்டி, நுவரெலியா எண்டு சுத்தி வாறதா எழுதியிருக்கு. விசரா உனக்கு? வீட்டு வாசலில றோட்டு கிடக்கக்குள்ள ஊர் சுத்திப் போய் ஏறப்போறாய். மண்முனைப் பாலத்தால அங்கால போ. 2014 சித்திரையில பாலம் திறக்குமட்டும் அந்த இடத்தில ஆத்தைக் கடக்கிற மிதவைப் பாதைக்குக் காத்துக் கிடந்ததை உன்ட அம்மாட்டக் கேளு. பாதை அக்கரையில நிக்கும், நாம இக்கரையில நிப்பம். இப்ப ஒரு பாட்டு முடியக்குள்ள ஆத்தைக் கடந்திருவாய். பிறகு மட்டக்களப்பு, செங்கலடி. செங்கலடிச் சந்தியில கிறுகினா அதுதான் பதுளை வீதி. அந்த ஒத்த றோட்டு மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை எண்டு ஏறிப் பதுளைக்குப் போய், அங்கால வெலிமடை, நுவரெலியா எண்டு பேராதனை மட்டும் போகுது. அரசாங்கக் கணக்கில அது ஏ-5. திரும்பி வரக்குள்ள எல்லவில இருந்து வெல்லவாயவுக்கு இறங்கு. அங்க ஏ-4 றோட்டைப் பிடி. மொனராகலை, சியம்பலாண்டுவ, லகுகலை, பொத்துவில். பொத்துவிலில கடலைக் கண்டா வடக்க கிறுகு. கடலோரமா நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல, மட்டக்களப்பு வந்திரும். மலை, காடு, கடல் மூண்டும் ஒரு வளையத்துக்குள்ள. இதுக்கு எந்த அப்பும் வேணாம். முந்தின பஸ் கொண்டக்டர்மாரக் கேட்டா நித்திரையிலயும் சொல்லுவாங்க.

அடுத்தது எந்த மாசம் எண்டது. நீ மார்கழி லீவில போறதா எழுதியிருக்காய். மார்கழியில நம்மட பக்கம் என்ன நடக்கும்? வாடைக்காத்தும் மழையும். வட்டையெல்லாம் வெள்ளம். கடல் குமுறிக்கொண்டு கிடக்கும். பதுளைப் பக்கமும் அந்த மழைதான், மண் சரிஞ்சு றோட்டை மூடுற காலம். வெள்ளாமைக்காரன் மழையைப் பாத்துச் சிரிக்கிற நேரத்தில நீ மழைக்குள்ள இருந்து அழப்போறாய். சரி, ஆடி ஆவணியில போனா? கடல் இஞ்ச நல்லாக் கிடக்கும். அறுகம்குடாவில அலையில பலகை ஓட்டுறவங்க கூடுற காலமே அதுதான், சித்திரை வைகாசி தொடங்கி ஐப்பசி மட்டும். ஆனா நுவரெலியாவுக்கு மேற்கால தென்மேல் பருவ மழை. மலைக்கு இந்தப் பக்கம் கச்சான் வீசித் தொண்டை காயக்குள்ள அந்தப் பக்கம் குடை பிடிச்சுக்கொண்டு திரியிறாங்க. ஒரு மலைக்கு ரெண்டு முதுகு மனே. ரெண்டும் ஒரே நேரத்தில காயிறது மாசி, பங்குனி. சித்திரைக்கும் போகலாம், ஆனா நுவரெலியாவில அதுதான் சீசன். கொழும்பு முழுக்க அங்க ஏறி நிக்கும். உன்ட வேனை நிப்பாட்ட இல்ல, கிறுக்கவே இடம் கிடைக்காது. அதால பங்குனியில போ. சூரிய உதயத்துக்கு நிமிசம் பாத்து எழுதின ஆள், மாசத்தைப் பாக்க மறந்திட்டாயே.

அடுத்தது தண்ணி. வேனில நூறு லீற்றர்த் தாங்கி இருக்கெண்டு பெருமைப்பட்டாய். நூறு லீற்றர் எண்டா நூறு கிலோ. நல்லாத் திண்டு வளந்த ஒரு ஆளைச் சும்மா ஏத்திக்கொண்டு மலை ஏறுற. அதுவும் எங்க? பதுளையில துன்ஹிந்த அருவி, எல்லவில இருந்து இறங்கிற றோட்டோரத்திலயே இராவணா அருவி, கொஸ்லாந்தைப் பக்கம் 220 மீற்றர் உயரத்தில இருந்து விழுற தியலும. தண்ணி கொட்டிக்கொண்டு கிடக்கிற நாட்டுக்குத் தண்ணியைத் தூக்கிக்கொண்டு போறாய். குடிக்கிறத்துக்குக் கொஞ்சம் வெச்சுக்கொள். மிச்சத்துக்கு வழியில ஒரு வீட்டில கேளு. இந்த நாட்டில தண்ணி கேட்டு இல்லையெண்டு சொன்ன வீடு நான் காணல்ல.

ஓட்டுறவனுக்கும் ஒரு சொல்லு. ஏறக்குள்ள எந்த கியரில ஏறினாயோ, இறங்கக்குள்ளயும் அந்த கியரிலதான் இறங்கவேணும். எல்லவில இருந்து வெல்லவாய மட்டும் இறக்கம்தான், வளைவுக்கு மேல வளைவு. பிரேக்கில காலை வெச்சபடி இறங்கினா சூடேறி மணம் வரும், பிறகு பிடிக்காது. பாரம் கூடின வாகனத்துக்கு இன்னும் மோசம். அந்த மடக்கிற கதிரையளுக்கெல்லாம் பிரேக் பிடிக்கத் தெரியாது.

ஹோட்டன் சமவெளிக்கு எண்டு ஒரு பகல் ஒதுக்கியிருக்காய், அது சரி. 1988 இல தேசியப் பூங்காவாக்கின இடம். 2010 இல யுனெஸ்கோவும் உலக மரபுரிமை எண்டு சேத்திச்சு. ஏழாயிரம் அடி உயரம், குளிர். மரை நிக்கும், கிட்ட வந்து பாக்கும். ஆனா ஒண்டு தெரியுமா? உலக முடிவெண்டு சொல்லுற அந்தப் பள்ளத்தை வேனுக்குள்ள இருந்து பாக்க ஏலாது. வாகனத்தை நிறுத்துற இடத்தில விட்டுட்டு, சுத்து வழியால ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர் நடக்கவேணும். வீட்டோட போனவனும் நடைதான், பஸ்ஸில போனவனும் நடைதான். அதிலயும் காலம்பற ஒன்பது பத்து மணிக்குள்ள போய்ச் சேரவேணும். பிந்தினா முகில் வந்து மூடிரும். பிறகு ஏறக்குறைய 870 மீற்றர்ப் பள்ளமும் ஒண்டுதான், வெள்ளைச் சுவரும் ஒண்டுதான். கேட்டடியில பொலித்தீன் பையை வாங்கி வெச்சிருவாங்க, பிஸ்கட் பக்கற்றின்ட உறையையும் விடமாட்டாங்க. ட்ரோன் எடுத்துக்கொண்டு போறாயாம். அனுமதி இல்லாம அதைப் பறக்கவிட ஏலாது, வீட்டில வெச்சித்துப் போ. அங்க ராத் தங்கிறதெண்டா வனசீவராசித் திணைக்களத்தில முன்னுக்கே பதிஞ்சு காசு கட்டவேணும். கண்ட இடத்தில வேனை விட்டுட்டுப் படுக்க அது உன்ட மாமன்ட வளவு இல்ல.

எல்லவை நான் கனக்கச் சொல்லல்ல. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பாக்கப் போவாய், எல்லாரும் போறாங்க. 1921 இல கட்டின பாலம். ரெயில் வரக்குள்ள தண்டவாளத்தில நிண்டு படம் எடுக்கிற கூட்டத்துக்குள்ள நீ நிக்காட்டிப் போதும்.

கழிவைப் பத்தி நீ ஒரு கட்டமும் போடல்ல, பாத்தன். அந்தத் தாங்கி மூணு நாளில நிறையும். எங்க கொட்டப்போறாய்? கனடாவில குழி இருக்கு. இஞ்ச? ஹோட்டன் சமவெளி மகாவலி, களனி, வளவை மூண்டுக்கும் தலை. பதுளைக்குக் கிழக்கால மலையில பெய்யிற தண்ணிதான் கல்லோயாவா இங்கினியாகலைக்கு வருகுது. அதை நம்பித்தான் கீழ வட்டை வட்டையா வெள்ளாமை. நீ மேல இருந்து செய்யிற அசிங்கம் உனக்கு முன்னுக்கு ஊருக்கு வந்து சேந்திரும். நம்மட கோயில் கல் நந்தியின்ட கதை தெரியும்தானே? பறங்கித் தளபதி, இந்தக் கல் மாடு புல்லுத் திண்ணுமா எண்டு கேலி செஞ்சான். அது எழும்பிப் புல்லுத் திண்டு, அங்கேயே சாணியும் போட்டிச்சாம். தாங்கியில அடைச்சுக்கொண்டு போய் அடுத்த ஊரில கொட்டல்ல. அதால அந்தத் தலைமாட்டுக் கக்கூசைக் கழட்டி வெச்சித்துப் போ மனே. பெற்றோல் செட், கோயில், சாப்பாட்டுக்கடை எண்டு வழி முழுக்க இருக்கு. ஒழுங்காக் கேட்டு, ஒழுங்காப் போய், ஒழுங்காத் தண்ணி ஊத்தினாக் காணும்.

இனி யானை. இதைக் கொஞ்சம் கவனமாக் கேளு, இதில பகிடி இல்ல. மகாஓயாப் பக்கமும் லகுகலைப் பக்கமும் பொழுதுபட்டா றோட்டு அவருக்குத்தான். லகுகலை 1,554 ஹெக்டயர் சின்னப் பூங்கா. ஆனா யானைக்கு அந்த எல்லை எழுதிக் குடுக்கல்ல. குளத்துக்குப் புல்லுக்கு வாறவர் றோட்டைக் கடந்துதான் வருவார். நம்மட ஊரில வெள்ளாமைக் காலத்தில பறணில ஏறி, யானை வெடி போட்டு, விடிய விடிய முழிச்சிருக்கிற சனத்தைக் கேளு, அவர்ட குணத்தைச் சொல்லுவாங்க. நீயோ குசினியைப் பூட்டிக்கொண்டு போறாய். வாழைப்பழம், மாம்பழம், அரிசி, சீனி எல்லாம் உள்ளுக்க. புத்தலையில இருந்து கதிர்காமம் போற றோட்டில போற வாற சனம் பழம் குடுத்துக் குடுத்து, யானையே வாகனத்தை மறிச்சுக் கேக்கப் பழகித்து. பொலிஸ்காரனுக்காவது புத்தகத்தைக் காட்டலாம். அவருக்கு எதைக் காட்டுவாய்? பின்னேரம் ஐஞ்சு மணிக்குப் பிறகு காட்டு றோட்டில ஓடாத. நிக்கிறதெண்டா ஊருக்குள்ள நில்லு, வெளிச்சத்தில நில்லு. காட்டுக்குள்ள தனிய நிண்டு நட்சத்திரம் எண்ணுற எண்ணத்தை விடு. அதை நம்மட வளவில பாயைப் போட்டும் எண்ணலாம்.

பொத்துவிலுக்குத் தெற்கால போக ஆசையெண்டா அறுகம்குடா, பாணமை, உகந்தை. உகந்தை மலை முருகன் கோயிலோட றோட்டும் முடியும். அங்கால கூமுனைக் காடு. முந்தி அதை யால கிழக்கு எண்ட, 2006 இல கூமுனை எண்டு பேரை மாத்தினாங்க. சண்டைக்குள்ள 1985 இல மூடினது, 2003 இலதான் திறந்த. உள்ளுக்கப் போறதெண்டா ஜீப்பும், கூட வழிகாட்டியும். இருட்டுறத்துக்குள்ள வெளிய வந்திரவேணும். உன்ட வேன் உகந்தைக் கோயில் மணலோட நிக்கும். நிக்கட்டும்.

அந்தக் காட்டுக்குள்ளாலதான் வருசா வருசம் ஆனி ஆடியில நம்மட சனம் கதிர்காமத்துக்கு நடக்குது. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில இருந்து வேலோட வெளிக்கிடுற கூட்டம் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் எண்டு வந்து, மட்டக்களப்பைக் கடந்து, உகந்தையில சேரும். காட்டு வாசல் கொஞ்ச நாளைக்குத்தான் திறக்கும். பிறகு குமுக்கன் ஆறு, வியாழை, கட்டகாமம். கரடியும் யானையும் நிக்கிற காடு, தண்ணி கிடைக்கிற இடமும் கொஞ்சம்தான். அதுக்குள்ளால எழுபது வயசுக் கிழவியள் நடக்கிறாங்க. தோளில ஒரு பை, அதுக்குள்ள மாத்துச் சீலை ஒண்டு, கொஞ்சம் அரிசி, ஒரு தகரப் பேணி, திருநீறு. அவ்வளவுதான். மடக்கிற சாமான் எண்டா அவங்கட முழங்கால் மட்டும்தான், அதுவும் ஒழுங்கா மடங்காது. வழியில எந்த ஊரில நிண்டாலும் சோறு போட ஆள் இருக்கு, படுக்கக் கோயில் திண்ணை இருக்கு. மலை, காடு, கடல் எல்லாத்தையும் அவங்க கண்டித்துத்தான் வாறாங்க. திரும்பி வந்து கேட்டா, "முருகன் கூட்டிப்போனான், கூட்டி வந்தான்" எண்டு போட்டு வெத்திலையை மடிப்பாங்க.

உன்னையும் நட எண்டு சொல்லல்ல. நீ நடந்தா மூண்டாம் கட்டையில ஓட்டோ பிடிப்பாய், எனக்குத் தெரியும். நான் சொல்லுறது பாரத்தைக் குறை எண்டதுதான். இந்தக் கட்டம் போட்ட தாளுக்குள்ள வாகனத்துக்குள்ள என்ன இருக்கெண்டு ரெண்டு பக்கம் கிடக்கு. வாகனத்துக்கு வெளிய ஆர் இருக்காங்க எண்டு ஒரு வரி இல்ல. லுணுகலையில தேத்தண்ணிக் கடைக்காரன் இருக்கான், பசறையில கொழுந்து எடுக்கிற நம்மட சனம் இருக்கு, திருக்கோவிலில கோயில் வீதி இருக்கு, கோமாரியில கரைவலை இழுக்கிறவன் இருக்கான். ராவைக்கு வேனை எங்க விடுற எண்டு போனைக் கேளாத. பொழுது சாயக்குள்ள ஒரு கடையில இறங்கி, ஒரு பிளேன்ரீ குடிச்சித்து, "அண்ணே, இஞ்ச வாகனத்தை விட்டுட்டுப் படுக்க நல்ல இடம் இருக்கா" எண்டு கேளு. அவன் முதலில உன்ட ஊரைக் கேப்பான். கொக்கட்டிச்சோலை எண்டு சொல்லு. தேரோட்டத்துக்கு வந்தவன், வந்தவனைத் தெரிஞ்சவன், தயிர் முட்டி வாங்கினவன் எண்டு ஒருத்தன் பக்கத்திலயே இருப்பான். பிறகு உனக்கு இடத்துக்குக் குறைவில்ல, கதைக்கும் குறைவில்ல. சிங்களம் தெரியாதெண்டா? சிரிக்கத் தெரியும்தானே. பிபிலையிலயும் மொனராகலையிலயும் அது செல்லும்.

ஆகமொத்தம், இப்ப போய் அந்தத் தாளில பாதியைக் கிழி. கோப்பி மெசின், பல்ப்பு மாலை, ட்ரோன், கக்கூசு நாலையும் இறக்கு. நல்ல ஸ்பெயார் சில்லு ஒண்டு, ஜக்கு, டோர்ச், பாய் ரெண்டு, சட்டி ஒண்டு, பனடோல், மிளகாய்த்தூள், கருவாடு, இவ்வளவும் ஏத்து. மார்கழியை வெட்டிப் பங்குனி எண்டு எழுது. மன அமைதிக்குப் போட்ட கட்டத்தை வெறுமையா விடு.

பிறகு ஒரு உதவி மனே. வெலிமடையில றோட்டோரத்தில கிழங்கும் கரட்டும் லீக்ஸும் குவிச்சு வெச்சு விப்பாங்க, நம்மட சந்தையை விட விலை குறைவு. கக்கூசைக் கழட்டின இடம் சும்மாதானே கிடக்கும். நல்லாக் கழுவிப்போட்டு அதில எனக்கு ஐஞ்சு கிலோ உருளைக்கிழங்கு கொண்டு வா. காசு வந்த பிறகு தாறன்.